ஸ்டியரிங்கில் கட்டிய துணி

மேலகரத்தைத் தாண்டி மேற்கே நடந்துகொண்டிருந்தேன். இடது கன்னம் இன்னும் எரிந்தது. தோளில் என் துணி. கையில் ஒன்றும் இல்லை. சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. குற்றாலம் போய், அங்கிருந்து செங்கோட்டை போய், மலையேறி ஏதாவது ஒரு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடலாம் என்பது என் யோசனை. யோசனை என்று சொல்வதே அதிகம். கால் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் போவதுதான் அந்த வயதில் என் வழக்கம். அதற்குள் உப்பளம், செங்கல் சூளை, லாரி, மறுபடியும் செங்கல் சூளை என்று ஆறேழு வேலைகளை விட்டிருந்தேன். ஒவ்வொரு இடத்திலும் யாராவது என்னை ஏதாவது சொல்லியிருப்பார்கள். நான் பதில் பேசமாட்டேன், நடக்க ஆரம்பித்துவிடுவேன். அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று ஸ்டியரிங் பிடிக்க வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்த்தால் கரி வண்டியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். பெட்ரோல் இல்லாத உலகச் சண்டைக் காலத்தில் பஸ்ஸின் பின்னால் கொப்பரை மாதிரி ஒரு அடுப்பைக் கட்டி, மரக்கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டி ஓட்டினோம் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம், இருமலுக்கு நடுவில். ஆனால் அதை எப்படி ஓட்டினோம் என்பது இனி உங்களுக்கு எதற்கும் உதவாது. அந்தக் காலையில் நான் செய்த காரியம் உதவலாம்.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஓடிய ஒரு பஸ்ஸில் எனக்கு வேலை. அடுப்பை மூட்டுவது, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது, ஸ்டாண்டுக்குள் வண்டியை முன்னே பின்னே நகர்த்துவது. ஓட்டுகிறவர் வேறொருவர். அவரைப் பெரிய டிரைவர் என்போம். கெட்ட வாய், நல்ல கை. கல் ரோட்டில் அவர் ஓட்டினால் மடியில் தூங்குகிற குழந்தை விழிக்காது. வாயைத் திறந்தால் தெருவே விழித்துக்கொள்ளும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏலே வேதக்காரா" என்பார். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வது வழக்கம்தான். சொல்கிற விதத்தில்தான் இருக்கிறது எல்லாம்.

எங்கள் தொழிலில் அப்போது ஒரு முறை இருந்தது. வண்டியில் கோளாறு கண்டவன் தன் தோள்துணியை எடுத்து ஸ்டியரிங்கில் ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவான். துணி கட்டியிருந்தால் முதலாளியே வந்தாலும் வண்டியை எடுக்கமாட்டார். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். அவன் அவிழ்த்துவிட்டால் கோளாறு சரியாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்களில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. எனக்கே மூன்றாம் வகுப்பு. துணிதான் எங்கள் எழுத்து.

அன்று காலை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, பிரேக் கம்பியைக் கோத்திருக்கும் கட்டை ஆணி வெளியே நழுவி வந்திருந்தது. அது நழுவாமல் இருக்க அதன் நுனியில் செருகியிருந்த சிறு கம்பி அறுந்து போயிருந்தது. ஆணி விழுந்தால் பிரேக் இல்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் வரை சமதரை, தாங்கிவிடலாம். ஆனால் சீசனில் எங்கள் வண்டி குற்றாலத்தோடு நிற்பதில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போய் வரும். திரும்பி இறங்கும்போது கரியை மிச்சப்படுத்த எஞ்சினைத் தணித்துவிட்டுச் சரிவில் வண்டியை அதன் போக்கில் விடுவோம். அப்போது பிரேக் ஒன்றுதான் துணை.

துணியைக் கட்டினேன். புதுக் கம்பி வாங்கப் பட்டறைக்குக் கிளம்பினேன். அதற்குள் பெரிய டிரைவர் வந்துவிட்டார். அடுப்பு மூட்டவில்லை. ஆட்கள் மூட்டை முடிச்சோடு காத்திருந்தார்கள். முந்தின வாரம்தான் ஏதோ சத்தம் கேட்கிறதென்று நான் துணி கட்டி, ஒன்றுமில்லை என்று ஆகி, அவர் முதலாளியிடம் பேச்சு வாங்கியிருந்தார்.

"என்னலே இது, மறுபடியும் கொடியேத்திட்டியா?"

"அண்ணாச்சி, அடியில..."

"அடியில என்ன, பாய் விரிச்சுப் படுத்திருந்தியோ?"

சொல்லி முடிக்குமுன் அறை விழுந்தது. அது போகட்டும், அடி எனக்குப் புதிதல்ல. அதன் பிறகு சொன்னதுதான். "கஞ்சிக்கு வேதத்துல சேந்த கூட்டம்தானலே நீங்க. ஒரு கன்னத்துல வாங்கினா மறு கன்னத்தக் காட்டணுமாமே. எங்க, காட்டு பாப்போம்!"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரும் இல்லை. நாலைந்து பேர்தான். எனக்கு எல்லோரும் சிரித்த மாதிரி கேட்டது.

நான் கன்னத்தைக் காட்டவில்லை. கையையும் ஓங்கவில்லை. படியில் ஏறினேன், ஸ்டியரிங்கிலிருந்து என் துணியை அவிழ்த்தேன், தோளில் போட்டேன், இறங்கினேன்.

"பாத்தியளா?" என்று பெரிய டிரைவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஒண்ணுமில்ல. வெறும் சாக்கு."

நான் நடந்தேன்.

மேலகரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. யாரோ அடுப்பை மூட்டியிருக்கிறார்கள். பஸ் என்னைத் தாண்டிப் போனது. கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரிய டிரைவர் ஹார்ன் பந்தை இரண்டு முறை அமுக்கினார், கல்யாண வீட்டில் மேளம் தட்டுகிற மாதிரி. கரிப்புகை என்மேல் படிந்து போயிற்று.

போ, போ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்குக் கோபமே இல்லை. அதுதான் ஆச்சரியம். காலையில் கொதித்த நெஞ்சு இப்போது குளிர்ந்து கிடந்தது. நான் எதுவும் செய்யவில்லையே. அவர் அடித்தார், நான் அடிக்கவில்லை. அவர் ஏசினார், நான் ஏசவில்லை. பழியைக் கர்த்தரிடம் விட்டுவிட்டேன். சின்ன வயதில் வேதக்கோவிலில் பாயில் உட்கார்ந்து கேட்டதை முதல் முறையாகச் செய்து காட்டிவிட்டேன் என்று ஒரு பெருமைகூட இருந்தது. ஆனால் கால் மட்டும் நிதானத்தில் இல்லை. ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனது. துணியை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினேன். மறுபடி வலது தோளுக்கு மாற்றினேன்.

அப்போது எதிரே ஒருவர் குடை பிடித்து வந்தார். அந்தப் பக்கத்து உபதேசியார். சின்னச் சின்ன ஊர்களில் ஜெபம் நடத்துகிறவர். என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வரிசையில் பார்த்திருக்கிறார்.

"என்ன, வண்டிய விட்டுட்டு நடந்து போறீரு? கன்னம் ஏன் வீங்கியிருக்கு?"

சொன்னேன். அடித்ததையும் ஏசியதையும் சொன்னேன்.

"நீரு என்ன செஞ்சீரு?"

"ஒண்ணுஞ் செய்யல ஐயா. கர்த்தர் பாத்துக்கிடுவாருன்னு வந்துட்டேன்."

அவர் முகம் மலர்ந்தது. நடுரோட்டில் நின்று குடையை மடக்கினார். "நல்ல காரியம் செஞ்சீரு. எத்தனையோ வருசமா நானும் சொல்லுதேன், ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான். ஒரு வேலி நகந்தா அருவாளத் தூக்குதான். நீரு கேட்டிருக்கீரு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சாரலில் நனைந்திருந்தது. "உம்ம துணியக் கொஞ்சம் தாரும்." என் தோளிலிருந்து அவரே எடுத்துத் துடைத்துக்கொண்டே பேசினார். "நாம விலகிக்கிட்டா போதும். அவரு பாத்துக்கிடுவாரு. எப்ப, எங்க வச்சு, எப்படின்னு மட்டும் நமக்குத் தெரியாது, பாத்துக்கிடும்."

எனக்குத் தெரிந்திருந்தது.

எப்போது என்றால் பன்னிரண்டு மணி. எங்கே என்றால் ஐந்தருவிச் சரிவு, இரண்டாவது வளைவு, அதன் இடது பக்கம் பள்ளம். எப்படி என்பது உபதேசியார் கையில் இருந்தது. அந்தத் துணி. ஸ்டாண்டில் வண்டி புறப்படும் நேரத்தைச் சொல்கிற மாதிரி கர்த்தருடைய நியாயத்தீர்ப்பின் நேரத்தை என்னால் சொல்ல முடிந்தது. அவரிடம் விட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்த காரியத்தில் அவருக்கு விட்டுவைத்தது எதுவும் இல்லை. எல்லாவற்றையும் நானே செய்து முடித்து, அவர் பெயரைக் கீழே போட்டிருந்தேன்.

"என்னய்யா இது, எண்ணெய்லா!" என்றார் உபதேசியார். கண்ணாடியை மாட்டியிருந்தார். இரண்டு வட்டமும் கறுப்பாக மினுங்கின. "ஊரே இருட்டிட்டு!"

துணியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு குற்றாலத்தைப் பார்த்து ஓடினேன். "ஏய், நில்லும்! கண்ணாடி! கண்ணாடி!" என்று அவர் கூப்பிட்டது கொஞ்ச தூரம் கேட்டது.

ஓடும்போது என்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். பஸ் ஐந்தருவிக்கு ஏற்கெனவே போயிருக்கட்டும் என்று நினைத்தேன். போயிருந்தால் நான் ஓடிப் பார்த்தேன், பிடிக்க முடியவில்லை என்று ஆகிவிடும். யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது. அடுத்த பத்தடியில், போயிருக்கக் கூடாது என்று வேகமாக ஓடினேன். அதற்கடுத்த பத்தடியில் மெதுவானேன். குற்றாலம் வரை அப்படித்தான் போனேன்.

வண்டி போகவில்லை. அருவியில் குளித்துவிட்டு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய் ஈரத் தலையோடு இருந்த தன் குழந்தையை ஜன்னல் வழியாக உள்ளே இருந்தவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரிய டிரைவர் தானும் குளித்துவிட்டு, வெள்ளை வேட்டி உடுத்தி, படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னலே, மறு கன்னமும் அரிக்குதா?"

ஓடி வந்த மூச்சில் எனக்குப் பேச்சு வரவில்லை. வராமல் போனதே நல்லதாயிற்று. ஏனென்றால் வாயில் வந்து நின்ற வார்த்தை, 'எல்லாரும் இறங்குங்க, இந்த ஆளுக்குப் பிரேக் இல்லாதது கூடத் தெரியாது' என்பதுதான். அதைக் கத்தியிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள், அவர் மானம் நடுத்தெருவில் போயிருக்கும். நல்லது செய்த பெயரும் எனக்கு, பழி தீர்த்த ருசியும் எனக்கு. நன்மை செய்யப் போகும்போதே இந்த ஆசை கூடவே ஏறிக்கொள்ளும். நீங்களும் பார்ப்பீர்கள்.

அவரைத் தாண்டிப் படியில் ஏறினேன். ஸ்டியரிங்கில் துணியைக் கட்டினேன்.

உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியாது. அவருக்குத் தெரியும். வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். கை உயர்ந்தது.

"அண்ணாச்சி, அடிக்கதுன்னா அடிங்க. பாத்துட்டு வந்து அடிங்க."

"என்னத்தலே பாக்க?"

"பிரேக்குக் கம்பி."

என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, வெள்ளை வேட்டியோடு சேற்றில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். நானும் குனிந்தேன். அவர் விரல் பட்டதும் கட்டை ஆணி பழம் உதிர்கிற மாதிரி கையில் விழுந்தது. தலைக்கு மேலே பலகையில் ஆட்கள் நடக்கிற சத்தமும், அந்தக் குழந்தை காலால் தட்டுகிற சத்தமும் கேட்டன.

"காலையில இதுக்குத்தான் கட்டினியா?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆமா."

"அப்ப ஏன் அவுத்தே? சரியாயிட்டுன்னா?"

அந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் போதும். மறந்துவிட்டேன் என்றாலோ, அடித்த வேகத்தில் ஒன்றும் ஓடவில்லை என்றாலோ அவர் நம்பியிருப்பார். தவறு அவருடையதாகவே இருந்திருக்கும்.

"இல்ல அண்ணாச்சி. நீங்க சரிவுல போயி விழணும்னுதான் அவுத்தேன்."

அவர் சேற்றில் படுத்தபடியே என்னைப் பார்த்தார். "மேல இருக்கவங்க?"

நான் அவர் கையிலிருந்த ஆணியைப் பார்த்தேன்.

"கொலைகாரப் பயலே" என்றார். கத்தவில்லை. உள்ளதைச் சொல்வது போலச் சொன்னார். அவர் என்னைச் சொன்ன வார்த்தைகளில் அது ஒன்றுதான் நியாயமானது.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

"அத ஒங்க சாமிகிட்டச் சொல்லு. போயி இதுல செருக ஒரு ஆணி கொண்டா."

எழுந்து சேற்றோடு வெளியே வந்து, ஆட்களிடம், "கரி நனைஞ்சிட்டு. கொஞ்சம் நேரமாவும்" என்றார். என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, தன்னைக் காப்பாற்றச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வண்டி மாடுகள் கட்டியிருந்த மரத்தடியில் லாடம் அடிக்கிறவர் ஒருவர் இருந்தார். லாட ஆணி வளையும், லேசில் அறாது. பிரேக் ஆணியின் துளையில் செருகி மடக்கிவிட்டால் நிற்கும். அவரிடம் ஓடி ஒன்று கேட்டேன்.

"எந்த மாட்டுக்கு?"

"பஸ்ஸுக்கு."

"பஸ்ஸுக்கும் லாடம் அடிக்க ஆரம்பிச்சிட்டியளா?" என்று சிரித்து, இரண்டாகக் கொடுத்தார்.

நான் செருகினேன், பெரிய டிரைவர் மடக்கினார். பிறகு அவர் கீழே காத்து நின்றார். எதற்கென்று முதலில் புரியவில்லை. நான் அவிழ்க்க வேண்டும். படியேறி அவிழ்த்தேன். துணியை என் கையிலிருந்து வாங்கிக் கைச்சேற்றைத் துடைத்தார். துடைத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். நான் திருப்பிக் கேட்கவில்லை.

"நீ ஏறாதலே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

நான் சரிவின் அடிக்கு நடந்து போய் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. நின்ற இடத்திலும் நிற்க முடியவில்லை. பன்னிரண்டு மணி என்று நான் குறித்து வைத்திருந்த நேரம் வந்து, தாண்டியும் போனது. மரங்களுக்குள் எஞ்சின் தணிகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை, சக்கரம் உருள்கிற சத்தம் மட்டும். என் வாழ்க்கையில் நான் உண்மையாக ஜெபம் செய்தது அந்த இரண்டு வளைவு நேரம்தான். பஸ் வளைவில் தெரிந்தது. மெல்ல இறங்கி வந்து, எனக்கு நேரே ரோட்டோரத்தில் நின்றது.

பெரிய டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "பிரேக்கு பிடிக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "இனிமே ஸ்டாண்டுப் பக்கம் ஒன்னையப் பாத்தேன்னா காலை ஒடிச்சிருவேன்" என்றார். வண்டி போய்விட்டது.

அவ்வளவுதான். அறைந்ததற்கு அவர் வருத்தம் சொல்லவில்லை. கஞ்சிப் பேச்சுக்கும் சொல்லவில்லை. பிற்காலத்தில் நானே பஸ் ஓட்ட வந்த பிறகும் எதிரெதிரே வண்டியில் போயிருக்கிறோம். ஹார்ன் பந்தைத் தொடக்கூட மாட்டார். நான் துணியை அவிழ்த்த காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் இந்தத் தொழிலில் எனக்கு இடம் ஏது? கர்த்தர் அவரை என்ன செய்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் ஆசையையும் சேர்த்து ஒப்படைப்பதுதான் கர்த்தரிடம் விடுவது என்று எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. அவர் ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் சரி என்று விட வேண்டும். அது இன்றைக்கும் எனக்குச் சுலபமில்லை. சில முகங்கள் ஞாபகம் வந்தால் இந்த வயதிலும் நாற்காலியிலிருந்து எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறேன்.

உங்களையும் யாராவது அடிப்பார்கள். முதலாளி, போலீஸ், டிக்கெட் வாங்காத பெரிய மனிதர், சொந்தத் தோழன். அந்த வேலையை விட்டுப் போக வேண்டுமென்றால் போங்கள். நான் போகாத இடமா? ஆனால் துணியை அவிழ்க்காமல் போங்கள். எந்த ஆணி கழன்றிருக்கிறது என்பதை உங்களை அடித்தவனுக்கே சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லும்போது நாலு பேர் கேட்கச் சொல்லாதீர்கள்.

மறுநாள் காலை அந்த மரத்தடிக்குப் போனேன். செங்கோட்டைக்குப் போகிற வழி அதுதான். லாடக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து ஆணி வாங்கினவன்தான? வண்டி நின்னுதா?"

"நின்னுது."

"கயிறு பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"பிடி."

முதல் மாடு ஒரு கிழட்டு மயிலைக்காளை. கயிற்றைக் காலில் சுற்றுவதற்குள் தொடையில் ஓர் உதை விட்டது. உட்கார்ந்துவிட்டேன். எழுந்த வேகத்தில் கை தானாக ஓங்கியது.

"எந்தக் காலு உதைச்சுது?" என்று லாடக்காரர் கேட்டார், தலையைத் தூக்காமல், வாயில் ஆணியோடு.

"வலது பின்னங்காலு."

"அதுலதான் லாடம் கழண்டிருக்கு. கொண்டா இங்கன."

ஓங்கிய கையை இறக்கினேன். இரண்டு பேருமாக மாட்டைச் சாய்த்தோம். அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்து, என் மடியில் வைத்து, அவர் அடித்து முடிக்கும்வரை அசையாமல் வைத்திருந்தேன்.